அக்கா என்றொரு சீட்டு

புதன்கிழமை காலை பதினொரு மணிக்குத் துருவியின் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. அந்த நேரத்தில் துருவி குளியலறையில் இருந்தான். கைபேசி சாப்பாட்டு மேசையில் இருந்தது. கைபேசிக்குப் பக்கத்தில் அவன் மனைவி இருந்தாள். ஒரு வீட்டில் குழப்பம் வர இதற்கு மேல் ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை.

தலையைத் துவட்டிக்கொண்டு அவன் வெளியே வந்ததும் அவள் கைபேசியை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"சாப்பிட்டாச்சா?"

"இன்னும் இல்லியே. இப்பதானே குளிச்சேன்."

"நான் கேக்கல. இதுல கேட்டிருக்காங்க. யாரு?"

துருவி வாங்கிப் படித்தான். ஒரே ஒரு சொல், ஒரு கேள்விக்குறி. அனுப்பிய எண் அவனுக்குப் பழக்கமானதுதான்.

"இது எலும்பு ஆஸ்பத்திரி நம்பர். நாங்க சாஃப்ட்வேர் பண்ணித் தரோமே, அந்த ஆஸ்பத்திரி."

"உங்க எலும்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. அங்கேருந்து என்னென்ன செய்தி போகுதுன்னு சோதிச்சுப் பார்க்க, என் நம்பரையே ஒரு நோயாளி மாதிரி பதிஞ்சு வச்சிருக்கேன். நேத்துதான் பதிஞ்சேன்."

"சரி. எலும்பு உடைஞ்சவங்களைச் சாப்பிட்டாச்சான்னு எதுக்குக் கேக்கணும்?"

"அதான் எனக்கும் புரியல."

இது முழு உண்மை. ஆனால் இந்த மாதிரி நேரங்களில் கணவன்மார் சொல்லும் பொய்களும் இதே வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கும். மனைவி பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். வீட்டின் உள்ளறையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து, நாளொன்றுக்கு நாற்பது பக்கம் பார்ப்பாள். அவள் அந்தச் செய்தியை இன்னொரு முறை உற்றுப் பார்த்தாள்.

"கேள்விக்குறிக்கு முன்னாடி இடம் விடல. ஒரு பிழை இல்ல. படிச்ச பொண்ணுதான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

துருவி என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வந்தது. காபி இயந்திரம் மூன்றாவது கோப்பைக்கு மட்டும் ஏன் முனகுகிறது என்று தெரிந்துகொள்ள அதைப் பிரித்து, திரும்பப் பூட்டிய பிறகு நான்கு திருகாணிகளை மிச்சம் வைத்தவன். அதற்குப் பிறகு அது முனகவில்லை, காபியும் தரவில்லை. இந்தக் குணத்தால் ஏற்கெனவே இரண்டு வேலைகள் போயிருந்தன. இது மூன்றாவது; இப்போதைக்கு வீட்டிலிருந்தபடியே வேலை. ஆறு மாதத் தகுதிகாண் காலம் அடுத்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

அவன் குழுவின் தலைவி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லியிருந்தார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி இயக்குநர் முன்னாடி நீங்கதான் செஞ்சு காட்டணும். அவர் திருப்தின்னு கையெழுத்துப் போட்டா உங்க வேலை நிரந்தரம். போடலைன்னா..."

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்காமல் விடுவதில்தான் அவருடைய தலைமைப் பண்பே இருந்தது.

"ஒரே ஒரு செய்தி புதுசா சேர்க்கணும். 'கால் மடக்கும் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது.' அதைச் சேர்த்துட்டுக் கையைக் கட்டிட்டு உட்காருங்க. வேற எதையும் தொடாதீங்க."

அந்த மென்பொருள் ஜாவா என்ற கணினி மொழியில் எழுதப்பட்டது. அடியில் எல்லாவற்றையும் தாங்கும் சட்டகமாக ஒரு ஃபிரேம்வொர்க் இருந்தது. மென்பொருளின் எந்தப் பகுதிக்கு, அவர்கள் மொழியில் எந்த சர்வீஸுக்கு, எது தேவையோ அதைத் தானே தேடிக் கொண்டுவந்து கையில் கொடுக்கும் வகை. செய்தி அனுப்பும் சர்வீஸுக்கு ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலை யாரும் நேரடியாகத் திறந்து திருத்த முடியாது. ஏதாவது சேர்க்க வேண்டுமென்றால் ஒரு மாட்யூலை, அதாவது தனியான ஒரு நிரல் துண்டை, எழுதி அதற்குரிய இடத்தில் போட்டுவிட வேண்டும். மென்பொருளை ஓட்டும் சர்வர் கணினி எழுந்திருக்கும்போது ஃபிரேம்வொர்க் ஒவ்வொரு மாட்யூலாகப் போய், 'பட்டியலில் சேர்க்க உன்னிடம் ஏதாவது இருக்கிறதா?' என்று கேட்கும். ஒவ்வொன்றும் தன் சீட்டைக் கொடுக்கும். சீட்டில் ஒரு பெயர், செய்ய வேண்டிய வேலை, யாருக்கு முன்னால் நிற்க வேண்டும், யாருக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்ற குறிப்பு, அவ்வளவுதான். யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று ஃபிரேம்வொர்க் ஒருநாளும் கேட்காது. அது நல்ல குணம். துருவிக்கு அந்தக் குணம் கிடையாது.

அன்று மத்தியானமே அவன் பட்டியலை எடுத்துப் பார்த்தான். ஐந்து சீட்டுகள் இருந்தன. நான்கின் பெயர்கள் வரவேற்பு, மருந்து, கட்டு, விடைபெறல். இந்த நான்கும் என்னவென்று ஆவணத்தில் எழுதியிருந்தது. ஐந்தாவதின் பெயர் 'அக்கா'. ஆவணத்தில் அப்படி ஒருத்தி இல்லை. அந்த மாட்யூலின் மூலநிரலும் இல்லை. பிரித்துக் காட்டும் கருவியில் போட்டுப் பார்த்தான். உள்ளே எல்லாப் பெயர்களையும் ஒற்றை எழுத்தாகச் சுருக்கி வைத்திருந்தார்கள். 'ஏ' போய் 'பி'யைக் கூப்பிட்டது, 'பி' போய் 'சி'யைக் கூப்பிட்டது, 'சி' என்ன நினைத்ததோ, மறுபடி 'ஏ'யையே கூப்பிட்டது.

துருவிக்கு உள்ளங்கை அரித்தது. தலைவியைத் தொலைபேசியில் பிடித்தான்.

"மேடம், 'அக்கா'ன்னு ஒரு சீட்டு இருக்கே, அது என்ன?"

"உங்களுக்கு முன்னாடி இருந்தவர் போட்டதா இருக்கும்."

"அவருக்கு அக்கா இருக்காங்களா?"

"ஒரே பிள்ளைன்னு சொன்ன ஞாபகம். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்காதீங்க. பயிற்சிச் சீட்டைப் போடுங்க."

அன்று மாலை, வீட்டுக்குள் நிம்மதி திரும்பட்டும் என்ற நல்லெண்ணத்தில், அவன் உள்ளறை வாசலில் போய் நின்றான்.

"கண்டுபிடிச்சுட்டேன். அந்தச் செய்தியை அனுப்பறது அக்கா."

மனைவி சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அக்கான்னு பேர் வச்சுட்டா சந்தேகம் வராதுன்னு யார் சொல்லிக் கொடுத்தா?"

மறுநாள் பதினொரு மணிக்கு மறுபடி "சாப்பிட்டாச்சா?" வந்தது. துருவி கைபேசியை எடுப்பதற்குள் அவள் எடுத்துவிட்டாள். எதையோ தட்டினாள்.

"என்ன பண்ற?"

"பதில் போடறேன். 'இன்னும் இல்ல'. நேத்தும் அதான் போட்டேன்."

"எதுக்கு?"

"சாப்பிடலைன்னு சொன்னாதானே அவ மனசு உருகும். உருகி ஏதாவது சொல்லுவா, யாருன்னு தெரிஞ்சுடும்."

"நேத்து என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. அழுத்தக்காரி."

இப்படியாக அந்த வீட்டில் ஒரே சமயத்தில் இரண்டு விசாரணைகள் நடக்க ஆரம்பித்தன. துருவி உள்ளே இருக்கும் நிரலைத் துருவினான், அவள் வெளியே வரும் பதிலுக்குக் காத்திருந்தாள். இருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

பயிற்சிச் சீட்டை அவன் அந்த வார வெள்ளிக்கிழமையே போட்டான். பயிற்சி முதலில் போக வேண்டும் என்று தலைவி சொல்லியிருந்ததால் 'அக்காவுக்கு முன்னால்' என்று எழுதினான். அக்காவின் சீட்டில் ஏற்கெனவே 'எல்லோருக்கும் முன்னால்' என்று இருந்ததை அவன் கவனிக்கவில்லை. அக்கா பயிற்சிக்கு முன்னால், பயிற்சி அக்காவுக்கு முன்னால் என்றால் எந்த வரிசையும் நிற்காது. ஃபிரேம்வொர்க் ஒரு மூலையில் சின்னதாக ஒரு புகாரை எழுதி வைத்துவிட்டு, சீட்டுகளைத் தன் இஷ்டத்துக்கு அடுக்கியது.

சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரியின் வரவேற்பறைப் பெண் கூப்பிட்டாள்.

"சார், நேத்து சேர்ந்த ஒருத்தருக்கு, படுக்கைல படுக்க வைக்கறதுக்கு முன்னாடியே 'குணமாகிச் செல்வதில் மகிழ்ச்சி, நன்றி'ன்னு செய்தி போயிருக்கு."

"ஐயையோ. கோபமா இருக்காரா?"

"அவர் கோபமா இல்ல சார், கிளம்பிட்டார். ஒத்தைக் கால்ல வாசல் வரைக்கும் போயிட்டார். வாட்ச்மேன்தான் தூக்கிட்டு வந்தார்."

துருவி வேர்த்து விறுவிறுத்து, 'முன்னால்' என்பதை எடுத்துவிட்டு 'அக்காவுக்குப் பின்னால்' என்று போட்டான். வரிசை ஒழுங்குக்கு வந்தது. புத்திசாலி ஒருவன் இங்கே நிறுத்தியிருப்பான். துருவியும் பதினொரு மணி வரை நிறுத்தித்தான் வைத்திருந்தான்.

பதினொரு மணிக்குக் கேள்வி வந்தது. அவள் பதில் போட்டாள். அவன் தன் முன்னவரின் எண்ணை எப்படியோ தேடிப் பிடித்து, 'அந்த அக்கா மாட்யூல் எதற்காக?' என்று கேட்டு அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தது. வழக்கம்போல மனைவிதான் முதலில் படித்தாள்.

"'அக்கா நல்லா இருக்காங்களா? நான் விசாரிச்சதாச் சொல்லுங்க.' அப்ப உங்களுக்கு முன்னாடியே இவரையும் கேட்டிருக்கா. சாப்பிட்டாச்சான்னு."

"எல்லாரையும்தான் கேக்கறாங்க. அதைத்தான் சொல்ல வரேன்."

"எல்லாரையும் கேக்கறவகிட்ட உங்களுக்கு என்ன இவ்வளவு அக்கறை?"

துருவி முன்னவருக்கு 'எந்த அக்கா?' என்று திருப்பி அனுப்பினான்; அது போய்ச் சேரவே இல்லை. அக்கறை இருந்தது உண்மை. ஒரு கேள்வி தினமும் பதினொரு மணிக்கு வருகிறது, யார் கேட்கிறார்கள் என்று தெரியவில்லை. இந்த நிலைமையில் மனிதர்கள் எப்படித் தூங்குகிறார்கள் என்பதே அவனுக்கு விளங்கவில்லை.

அன்று அவன் ஒரு யோசனை செய்தான். அக்காவின் சீட்டை ஒரு உறைக்குள் போட்டு, அவள் என்ன செய்கிறாள் என்று உறை குறிப்பெடுக்கும்படி ஒரு மாட்யூல். அதுவும் படுக்கை எண் பூஜ்யத்துக்கு மட்டும். படுக்கை எண் இல்லாமல் யாரையும் நோயாளியாக ஏற்க மாட்டேன் என்று மென்பொருள் அடம்பிடித்ததால், துருவி தனக்குத்தானே ஒதுக்கிக்கொண்ட படுக்கை அது. உண்மையான நோயாளிகளுக்கு ஒன்றும் ஆகாது. எல்லாம் சரியாகத்தான் யோசித்தான். ஆனால் பழைய சீட்டுக்குப் பதிலாக இது என்று கொடுப்பதற்குப் பதில், இதையும் சேர்த்துக்கொள் என்று கொடுத்துவிட்டான். இரண்டுக்கும் நிரலில் ஒரு சொல்தான் வித்தியாசம்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குக் கைபேசி இரண்டு முறை அதிர்ந்தது.

"இன்னைக்கு ரெண்டு தடவை கேட்டிருக்கா," என்றாள் மனைவி. "உங்களை நினைச்சு அவளுக்குச் சாப்பாடே இறங்கல போல."

"அது நான் போட்ட உறை. தப்பா போட்டுட்டேன்."

"அவளுக்காகப் பழியை உங்க மேலேயே போட்டுக்கறீங்களா?"

இரண்டு கேள்விக்கும் இரண்டு பதில் போட்டாள். 'இன்னும் இல்ல.' 'இன்னும் இல்ல.' உறை எடுத்த குறிப்பில் 'ஏ, பி, சி, ஏ' என்று மட்டும் இருந்தது.

துருவிக்குப் பொறுமை போயிற்று. இது இயந்திரம், ஆள் அல்ல என்பதை அவளுக்குக் கண்முன்னால் நிரூபித்துவிடுவது என்று முடிவு செய்தான். அவளுடைய எண்ணையும் படுக்கை எண் பூஜ்யத்தில் சேர்த்தான். நோயாளியோடு துணைக்கு இருப்பவர் என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் போட்டான். செவ்வாய்க்கிழமை அவனுக்கு இரண்டு, அவளுக்கு இரண்டு வந்தன.

"பார்த்தியா? உனக்கும் வருது. இப்ப என்ன சொல்ற?"

அவள் தன் கைபேசியை வெகுநேரம் பார்த்தாள்.

"என்கிட்டயே கேக்கறாளே. எவ்வளவு துணிச்சல்."

ஆனாலும் குரலில் பழைய சூடு இல்லை. அன்று காலை ஆறரை மணியிலிருந்து அவள் வேலையில் இருந்தாள். துருவி உட்பட வேறு யாரும் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்டிருக்கவில்லை. அவள் தன் கைபேசியிலிருந்தும் 'இன்னும் இல்ல' என்று போட்டாள். அது உண்மையாகவும் இருந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள அவ யாருன்னு சொல்லுங்க," என்றாள். "சண்டைக்கு இல்ல. எனக்கே தெரிஞ்சுக்கணும்."

துருவியின் வியாதி அவளுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

புதன்கிழமை மத்தியானம் அவன் நேரடியாக ஆஸ்பத்திரிக்கே போனான். போன காரணம், வெள்ளிக்கிழமை செய்து காட்டுவதற்கான திரையை இரண்டாவது மாடிக் கூடத்தில் பொருத்துவது. உள் காரணம், கண்ணில் படும் பெண்களில் யார் அக்காவாக இருக்கக்கூடும் என்று பார்ப்பது. வரவேற்பறைப் பெண்ணிடம் ஜாடையாக, "உங்களுக்குத் தம்பி இருக்காரா?" என்று கேட்டு வைத்தான். "எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சு சார்," என்று அவள் பதில் சொன்னதும் அந்த வழி அடைபட்டது.

நடைபாதையில் ஏணியோடு நின்றிருந்தபோது, தள்ளுவண்டியில் மூடி போட்ட நான்கு தட்டுகளோடு ஒரு அம்மாள் ஒவ்வொரு அறைக் கதவாக எண்ணைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒரு முழங்காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். துருவியின் எதிரே வந்து நின்றார்.

"நீங்க எந்தப் படுக்கை?"

"நான் நோயாளி இல்லம்மா."

"அதான் பார்த்தேன். ரெண்டு காலும் நல்லா இருக்கே."

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு, முணுமுணுத்தபடி அடுத்த கதவுக்குப் போய்விட்டார். என்ன தேடுகிறீர்கள் என்று துருவி கேட்கவில்லை. வாழ்நாளில் அவன் கேட்காமல் விட்ட கேள்விகளை விரல் விட்டு எண்ணலாம். அதில் இது ஒன்று. அக்காவைத் தேடும் அவசரத்தில் இருந்தான்.

வியாழக்கிழமை தலைவி அந்தக் கூடத்திலேயே ஒத்திகை பார்த்தார். பதினொரு மணிக்குப் பெரிய திரையில் "சாப்பிட்டாச்சா?" என்று இரண்டு முறை வந்தது.

"இது என்ன?"

"அக்கா, மேடம்."

"நாளைக்கு இயக்குநர் முன்னாடி இது வரக்கூடாது. எலும்பு ஆஸ்பத்திரி திரையில சாப்பாட்டுப் பேச்சு எதுக்கு? எடுத்துடுங்க."

"யாருன்னு தெரியாம எப்படி மேடம் எடுக்கறது?"

"ஆறு மாசமா எதைச் சொன்னாலும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் செய்வேன்கறீங்க. ஒரே ஒரு தடவை தெரிஞ்சுக்காம செய்ங்க."

வேலை போகுமா நிற்குமா என்பது மறுநாள் தெரியப்போகிறது. துருவி வாயை மூடிக்கொண்டான். தன் உறையை முதலில் கழற்றினான். அப்புறம் 'அக்கா' என்ற சீட்டுக்குப் பதிலாக ஒரு வெற்றுச் சீட்டைக் கொடுத்தான், இந்த முறை சரியான சொல்லைப் போட்டு. சர்வரை எழுப்பினான். ஒரு புகார் இல்லை, ஒரு முனகல் இல்லை. காபி இயந்திரமும் இப்படித்தான் அமைதியானது என்பது அவனுக்கு நினைவுக்கு வரவில்லை. ஆனால் மனசுக்குள் என்னவோ செய்தது. முகம் தெரியாத ஒருத்தி தினமும் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தாள், அவள் வாயைப் பொத்திவிட்டோம் என்று வருத்தமாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை. இயக்குநர் சரியான நேரத்துக்கு வந்தார். எலும்பு முறிவில் பெயர் வாங்கிய டாக்டர். போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அவருடைய வலது கைக்கே கட்டுப் போட்டிருந்தது. அதைப் பற்றி யாரும் எதுவும் பேசாமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

பதினொன்று ஐந்துக்குத் துருவியின் சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. மனைவி. கூடத்தின் மூலைக்குப் போய் மெதுவாகப் பேசினான்.

"இன்னைக்கு அவ கேக்கல," என்றாள்.

"நான்தான் நிறுத்திட்டேன்."



"ஏன் நிறுத்தினீங்க? பாவம், ஒரு நாள் தவறாம கேட்டுட்டிருந்தா. உடம்புக்கு ஏதாவது முடியலியோன்னு நான் பயந்துட்டேன்."

துருவி இணைப்பைத் துண்டித்தான். திரும்பி வந்து செய்து காட்டுவதைத் தொடர்ந்தான். அது எண்ணெய் போட்டது போல ஓடியது. வரவேற்பு போனது, மருந்து போனது, பயிற்சி அதன் நேரத்துக்குப் போனது, யாரையும் ஒற்றைக் காலில் வாசலுக்கு அனுப்பவில்லை. இயக்குநர் கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் துருவி பதில் சொன்னான். தலைவியே ஒருமுறை தலையாட்டினார்.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றார் இயக்குநர். "எங்க கையெழுத்துப் போடணும்?"

மணி அப்போது பன்னிரண்டரை. வலது கை கட்டில் இருந்ததால் அவர் இடது கையால் பேனாவைப் பிடித்தார். முதல் எழுத்தைப் போட ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டாவது எழுத்து கொஞ்சம் சாய்ந்தது. கடைசி எழுத்துக்குப் பேனா போகும்போது எங்கேயோ ஒரு அழைப்பு மணி அடித்தது.

பெரிய திரையின் ஓரத்தில் 'படுக்கை எண் 4 அழைக்கிறது' என்று எழுத்து ஓடியது. அடுத்து 9. அடுத்து 17, 18, 19. பிறகு எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன. ஆஸ்பத்திரியில் மொத்தம் நாற்பத்திரண்டு படுக்கைகள். நாற்பத்திரண்டு மணிகளும் அடித்தன.

வரவேற்பறைப் பெண் மூச்சிரைக்க மாடிக்கு ஓடி வந்தாள்.

"டாக்டர், எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க. சாப்பாடு எங்கேன்னு."

இயக்குநர் பேனாவை வைத்தார். எல்லோரும் கீழே இறங்கினார்கள். தரைத்தளத்துக் கேன்டீனில் அடுப்பு அணைந்திருந்தது. கழுவிய தட்டுகள் அடுக்கியபடி இருந்தன. நடுவில் ஒரு முக்காலியில், தள்ளுவண்டி தள்ளி வந்த அந்த அம்மாள் கையில் கைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன அக்கா," என்றார் இயக்குநர், "இன்னைக்குச் சமைக்கலியா?"

துருவியின் காது சில்லென்று ஆயிற்று.

"யாருக்குன்னு சமைக்கறது டாக்டர்? பதினோரு மணிக்கு எல்லாருக்கும் கேள்வி போகும், சாப்பிட்டாச்சான்னு. இல்லன்னு பதில் வர்ற படுக்கைக்கெல்லாம் நான் தட்டு போடுவேன். இன்னைக்கு ஒரு பதில்கூட வரல. எல்லாருக்கும் வீட்டுலேருந்து சாப்பாடு வந்துடுச்சாக்கும்னு நினைச்சேன்."

"கேள்வி போகுமா? யார் அனுப்பறா?"

"முன்னாடி ஒரு தம்பி கம்ப்யூட்டர் வேலைக்கு வருவாரே, அவர் செஞ்சு கொடுத்தது. அதுக்கு முன்னாடி நானே மூணு மாடி ஏறி, படுக்கை படுக்கையா நின்னு கேட்டுட்டிருந்தேன். என் முட்டி படற பாட்டைப் பார்த்துட்டு, இனிமே நீங்க ஏற வேண்டாம் அக்கா, உங்க கேள்வி மட்டும் ஏறட்டும்னு சொல்லிப் போட்டுக் கொடுத்தார்."

மேலே மணிகள் அடித்துக்கொண்டே இருந்தன.

"அந்தக் கேள்வியை நிறுத்தினது யாரு?" என்று கேட்டார் இயக்குநர்.

தலைவி வாயைத் திறந்தார். அதற்குள் துருவி முந்திக்கொண்டான்.

"நான்தான் டாக்டர். எதுக்குன்னு தெரியாமலே நிறுத்திட்டேன். தப்பு."

"தெரியாததை நிறுத்தறதுக்கு முன்னாடி யாரையாவது கேட்டிருக்கலாமே."

"எல்லாரையும் கேட்டேன் டாக்டர். இவங்க என் எதிர்லயே வந்து நின்னாங்க, இவங்களை மட்டும் கேக்கல."

சொல்லிவிட்டு அவன் பரிமாறும் மேடைமேல் மடிக்கணினியைத் திறந்து வைத்தான். வெற்றுச் சீட்டை எடுக்க ஒரு நிமிஷம், சர்வரை எழுப்ப இரண்டு நிமிஷம். பதினொரு மணிக்குத் தானாகப் போக வேண்டியதை அவனே தட்டி அனுப்ப, பன்னிரண்டே முக்காலுக்கு மூன்று மாடிகளிலும் கேள்வி ஏறியது. அக்காவின் கையில் கைபேசி கிணுகிணுக்க ஆரம்பித்தது. அவர் எழுந்து ஒரு கையால் அடுப்பைப் பற்றவைத்தார், மறு கையால் பதில்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மேலே மணிகள் ஒவ்வொன்றாக அடங்கின.

இயக்குநர் காகிதத்தை மேடைமேல் விரித்தார். கையெழுத்து கடைசி எழுத்து இல்லாமல் மொட்டையாக நின்றது.

"இதை முடிக்கறதா வேண்டாமா? இவர் எல்லாரையும் பட்டினி போட்டது உங்க கேள்வியை நிறுத்தித்தான். நீங்களே சொல்லுங்க அக்கா."

இத்தனை நாள் யாரைத் தேடினானோ அவர் கையிலேயே அவன் வேலை போய்ச் சேர்ந்திருந்தது.

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"கெட்டிக்காரத் தம்பியாத்தான் தெரியுது. எனக்கும் ஒருத்தரைக் கண்டுபிடிக்கணும் டாக்டர். ஒன்பது நாளா மண்டையைக் குடையுது. அந்த ஆளை இவர் கண்டுபிடிச்சுக் கொடுக்கட்டும், அப்புறம் கையெழுத்தை முடிங்க."

"யாருங்க?" என்றான் துருவி. இந்த நிலைமையிலும் அவன் கழுத்து முன்னால் நீண்டது.

அவர் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவனுடைய கைபேசி அடித்தது. பதற்றத்தில் எடுத்தவன் விரல் எங்கேயோ பட்டு, மனைவியின் குரல் கேன்டீன் முழுக்கக் கேட்டது.

"ஏங்க, அவ மறுபடியும் கேட்டுட்டா. நல்லாத்தான் இருக்கா போல. எப்பவும் போல 'இன்னும் இல்ல'ன்னு பதில் போட்டுட்டேன்."

அதே நொடியில் அக்காவின் கையில் ஒரு கிணுகிணுப்பு. அவர் அதைப் படித்தார், துருவியின் கைபேசியைப் பார்த்தார், கரண்டியைக் கீழே வைத்தார்.

"அந்தப் பூஜ்யம் நம்பர் படுக்கை நீங்கதானா தம்பி? ஒன்பது நாளா, சூடு ஆறறதுக்குள்ள கொடுத்துடணுமேன்னு தட்டைத் தூக்கிட்டு உங்களைத் தேடாத வார்டு இல்லியே."